கொட்டிக் குழிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

என் கஸ்தூரி அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று எழுத வந்து கை நின்றுவிட்டது. உன்னிடம் போய் அதைக் கேட்டால் நீ சிரிப்பாய். "செத்தவகிட்ட இன்னாடி நலம் விசாரிக்கிற, பாண்டி" என்பாய். அதனால் என் நலத்தைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கடைக்குப் போகிறேன், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து வைக்கிறேன். இதில் எதுவும் பொய் இல்லை. நாக்கில் உப்பு மட்டும் ரொம்ப நாள் சரியாகத் தெரியவில்லை. குழம்பில் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்பதை என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்தப் பங்குனியோடு நீ போய் ஒரு வருஷம். நான் இன்னும் அழவில்லை. உன்னைக் கிடத்தியிருந்த அன்றைக்கே, "இளையவள பாரு, கல்லு மாதிரி நிக்கிறா" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. வந்தவர்களுக்கு எந்தப் பாத்திரத்தில் காபி போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டில் இருக்கிற ரெண்டு பேர் சண்டை போடாவிட்டால் தெருவுக்குச் சோறு செரிக்காது. நாமும் தெருவை ஏமாற்றவில்லை. மிக்சி மூடியை யார் உடைத்தது என்று ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம். பேசாமல் இருந்த நாளிலும் நீ எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைப்பாய், நான் உன் துணியையும் சேர்த்து மடித்து வைப்பேன். அதுவும் சண்டைக்குள்தான் சேர்த்தி.

உன் தம்பி பெங்களூரிலிருந்து வந்துசேர அன்று மத்தியானம் ஆகிவிட்டது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வராமல் உன்னை எடுக்கக் கூடாது என்று பெண்கள் காத்திருந்தார்கள். பாவம், அவன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பஜாரில் முதலில் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்து ஒரு சேலையை வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். நான் வேலை செய்கிற கடை அக்கா அது. தீபாவளிக்கு வந்து விற்காமல் நின்ற மஞ்சள் சேலை. எத்தனையோ பேருக்கு நானே பிரித்துக் காட்டி, எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கியது. அதை உன்மேல் போர்த்தினார்கள். மடிப்பு கலையாமல் இருந்த இடத்தை நீவி விட்டேன். கடையில் செய்கிற பழக்கம், கை தானாகப் போனது.

சரி, சேதிக்கு வருகிறேன். உனக்குச் சொல்ல என்னிடம் ஒரே சேதிதான் இருக்கிறது, அது உன் கொட்டிக் குழியைப் பற்றியது. கொல்லையில் நீ வளர்த்த கொட்டிக்கிழங்கை ஒரு வருஷம் உயிரோடு காப்பாற்றி, இந்த மாசி மயானக் கொள்ளைக்கு நாலு கிழங்கு அவித்து உன் சமாதியில் வைக்க வேண்டும். நீ போன நாளிலிருந்து என் மண்டையில் இருந்த ஒரே வேலை இதுதான். வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை, இதில் ஒட்டிக்கொண்டது. அது என்ன ஆனது என்று சொல்கிறேன்.

அந்தக் குழி வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. இந்த வீடு கட்டியபோது தளத்துக்கு மண் போதாமல் கொல்லையிலேயே தோண்டினார்கள். ரெண்டு கட்டில் போடுகிற அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. அதை மூட டிராக்டரில் ஏரி வண்டல் வந்தது. "தளவானூர் பக்கத்து ஏரி மண்ணு" என்று டிரைவர் சொன்னதுதான் தாமதம், நீ அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாய். ஒரு கட்டியை உடைத்து மோந்து பார்த்தாய்.

"எங்கூரு ஏரி."

"மண்ணுல ஊர் பேரு எழுதியிருக்குதாக்கா?"

"உனுக்கு இன்னா தெரியும்? கொழாயத் திருவுனா தண்ணி வர்ற ஊர்ல பொறந்தவ நீ. பாண்டிக்காரி."

அந்த வண்டல் பள்ளத்தைப் பாதிதான் மூடியது. மீதியை மூட உன் வீட்டுக்காரருக்கு வேளை வரவே இல்லை. மாமாவைத்தான் சொல்கிறேன். அரசு பஸ்ஸை அவலூர்பேட்டைக்கும் திண்டிவனத்துக்கும் விரட்டிக்கொண்டிருக்கிறவருக்குக் கொல்லைப் பள்ளம் எங்கே கண்ணில் படும்?

உனக்கு அப்போதே அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு உன் தம்பி பெங்களூர் போய்விட்டான். தீபாவளிக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு பாண்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் நீ கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருப்பாய். "போய்ட்டு வா" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாய்.

அந்த ஐப்பசியில் பேய்மழை. பள்ளத்தில் முழங்கால் ஆழம் தண்ணீர். கொசு வரும், பாம்பு வரும் என்று உன் கொழுந்தன் கத்திக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் பார்த்தால் தண்ணீர்மேல் நீள நீளமாய் இலைகள் படுத்திருந்தன. நடுநடுவே சின்னதாய்ப் பூக்கதிர்கள். களை என்று நினைத்து இழுத்துப் போடப் போனேன். நீ போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"ஏய், வுட்றி! கொட்டிடி அது! மண்ணோட கெழங்கும் வந்துருக்குது பாரு. எங்கம்மா வூட்லர்ந்து சீர் வந்துருக்குதுடி எனுக்கு!"

சேற்றில் நின்றுகொண்டு நீ அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பள்ளத்தை மூடுகிற பேச்சு அன்றோடு வீட்டில் நின்றது. நீ அதைச் சுற்றிச் செங்கல் அடுக்கினாய். கோரை முளைத்தால் பிடுங்குவாய், பாசி படர்ந்தால் முறத்தால் வாரிப் போடுவாய். துவைக்கிற கல்லைக் குழி ஓரத்து வண்டல்மேல் ஒரு மூலைக்குத் தள்ளிப் போட்டு, சோப்புத் தண்ணீர் குழிக்குள் போகாதபடி தெருப்பக்கம் வாட்டம் வைத்தாய்.

மாசியில் தண்ணீர் வற்றி, இலை கருகி, சேறு வெடித்த பிறகு களைக்கொட்டோடு இறங்கினாய். கட்டி கட்டியாய்ப் பெயர்த்து, கையால் உதிர்த்து, சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசினால் கோலிக்குண்டு அளவில் கறுப்புக் கறுப்பாய்க் கிழங்கு நிற்கும். உப்புப் போட்டு அவித்து, சூட்டோடு நகத்தால் கிள்ளித் தோலை உரித்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று இருக்கும். முதல் கிழங்கை நான் வாயில் போட்டதும் துப்பிவிட்டேன்.

"ஏரிய தின்ன மாதிரி இருக்குதுக்கா."

"பின்ன? ஏரியத்தான தின்ற."

அடுத்த மாசியில் கேட்டு வாங்கித் தின்றேன். அதற்கடுத்த மாசியில் உன் பங்கிலேயே கை வைத்தேன். வெந்த கடலை மாதிரி முதலில் மாவாய் இருக்கும், மென்று முடிக்கும்போது ஒரு தித்திப்பு வரும். மாமா டூட்டிக்கு டப்பாவில் போட்டுக்கொண்டு போய், கண்டக்டர் கேட்டால் வேர்க்கடலை என்று சொல்லி மறைத்துத் தின்பாராம். உன் மகள் நித்யா ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஒருத்தியும் தொடவில்லை என்று சந்தோஷமாகத் தானே தின்று தீர்த்தாள். நீ மட்டும் எல்லோருக்கும் உரித்துக் கொடுத்துவிட்டு, உடைந்ததையும் சின்னதையும் தின்பாய். எல்லாவற்றையும் தோண்டிவிடவும் மாட்டாய். விதைக்கு என்று பாதியை மண்ணிலேயே விட்டுவிடுவாய்.

காய்ந்து கிடக்கிற குழியைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பக்கெட்டோடு போவேன். நீ அடுக்களையிலிருந்தே கத்துவாய். "ஏய் பாண்டி, அது தூங்குது. எழுப்பாத."

ஒரு மாசி அமாவாசை மயானக் கொள்ளையில் மாமனார் மாமியார் சமாதிக்குச் சுண்டலும் கொழுக்கட்டையும் மரவள்ளிக்கிழங்கும் கட்டிக்கொண்டு போனோம், ஞாபகம் இருக்கிறதா? அங்காளம்மன் ஆடிக்கொண்டு சுடுகாட்டுக்கு வர, அவரவர் வீட்டுச் சமாதியில் அவரவர் படையல் வைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது நீ சொன்னாய். "எனுக்கு இந்த மரவள்ளி கிரவள்ளிலாம் வாணாம். நாலு கொட்டிக்கெழங்க வெச்சுட்டு நீ போய்னே இரு." இப்பவே ஆர்டர் குடுக்கிறாயா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

போன வருஷ மாசியில் நீ குழியில் இறங்கவில்லை. சோர்வாய் இருக்கிறது, அடுத்த வாரம் தோண்டலாம் என்றாய். அடுத்த வாரம் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. கைவைத்தியம் பார்த்தோம், பத்தியச் சோறு போட்டோம். வயிறு வீங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈரல் போய்விட்டது, கிட்னியும் நிற்கிறது என்றார்கள். கணக்கு மீறி ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். உள்ளே ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் போகலாம். மாற்றி மாற்றிப் போனோம்.

என் முறை வந்தபோது நீ கண்ணைத் திறந்தாய்.

"பாண்டி, தண்ணி குடு."

பஞ்சை நனைத்து உன் உதட்டில் வைத்தேன். அதைச் சப்பினாய். "இன்னும் ஒரு வாய்" என்றாய். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "அப்புறம் தரேன்கா" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். "தூங்குறாங்க, எழுப்பாதீங்க" என்று சொல்லி நர்ஸ் என்னை வெளியே அனுப்பினாள். அதற்கப்புறம் நான் உன்னிடம் பேசவே இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன். கொடுத்திருந்தால் மூச்சு முட்டியிருக்கும். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வெளியே பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார், அடுத்து அவர் போனார்.

கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகுதான் கொல்லைக்குப் போனேன். பங்குனி வெயிலில் செஞ்சிக் கோட்டை மலை காய்ந்து, அந்தக் காந்தல் வீடு வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. குழி வெடித்துக் கிடந்தது. தோண்டாத கிழங்கெல்லாம் உள்ளே இருந்தது. பாத்ரூம் தண்ணீர் கசிகிற மூலையில் மட்டும் நாலைந்து இலை மிச்சம் இருந்தது. மஞ்சளாய். அந்த மஞ்சளைப் பார்த்தேன். நீ வருஷா வருஷம் கத்தியது எனக்கு மறக்கவில்லை அக்கா. ஆனால் தூங்குது எழுப்பாத என்பதை நான் கடைசியாகக் கேட்டது உன் வாயால் இல்லை, அந்த நர்ஸ் வாயால். மோட்டரைப் போட்டுக் குடம் நிறையப் பிடித்து ஊற்றினேன். மண் குடித்த சத்தம் கேட்டது. அடுத்த நாளும் ஊற்றினேன். கடையிலிருந்து வந்ததும் கால் கழுவுவதுபோல் அது ஒரு பழக்கமாகிவிட்டது.

வீடு எப்படி இருந்தது தெரியுமா? சத்தமே இல்லை. மூத்தாரிடம் இளையவள் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. மாமாவிடம் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்வேன், நீ அவரிடம் சொல்வாய். அண்ணன் தம்பிக்குள் பேச்சு வேண்டுமென்றாலும் நீதான் நடுவில். நித்யா காலேஜுக்குப் பணம் கேட்பதுகூட உன் வழியாகத்தான். நீ போனதும் யார் யாரிடம் பேசுவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. மாமா விடிவதற்கு முன் கிளம்புகிற டூட்டியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் தன் ஜெராக்ஸ் கடையே கதி என்று கிடந்தார், மத்தியானம் மட்டும் வந்து மூடி வைத்ததைத் தின்றுவிட்டுப் போவார். நித்யா சனி ஞாயிறு வந்தால் ரூம் கதவு சாத்தியிருக்கும். நான் நாலு தட்டு வைத்து மூடுவேன், நாலும் நாலு நேரத்தில் காலியாகும்.

யாருக்கும் உன் குழி ஞாபகம் இல்லை என்று நினைத்தேன். சொன்னால் என்ன, எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. கட்டினவருக்கு இல்லை, பெற்ற மகளுக்கு இல்லை, எங்கிருந்தோ வந்த எனக்குத்தான் இருக்கிறது என்று. செஞ்சிக் கத்திரி வெயிலுக்கு ஒரு குடம் தண்ணீர் எந்த மூலைக்கு? ஆனால் குழி சித்திரையிலும் சொதசொதவென்று இருந்தது, வைகாசியிலும் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீயாக இருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்து எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்திருப்பாய்.

மழைக்காலம் வந்தது. மற்ற வருஷம் தண்ணீரே தெரியாமல் இலை மூடும். இந்த வருஷம் அங்கொன்றும் இங்கொன்றுமாய் எட்டிப் பார்த்தது. பாசியும் கோரையும்தான் மண்டின. தையில் அந்த இலையும் பழுத்தது. நான் ஊற்றுவதை இன்னும் கூட்டினேன்.

மாசி அமாவாசைக்கு முந்தின நாள். நித்யா வந்திருந்தாள், மாமா லீவு. களைக்கொட்டை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினேன். கால் கணுக்கால்வரை புதைந்தது. ஒரு கொத்து போட்டதும் நாற்றம் குப்பென்று வந்தது. சேறு மை மாதிரிக் கறுப்பு. கையை விட்டுத் துழாவினேன். கிழங்கு அகப்பட்டது, எடுத்தால் விரல் நடுவே கூழாய் நசுங்கியது. இன்னொன்று. அதுவும் அப்படியே. ஒன்றும் தோன்றாமல் தோண்டிக்கொண்டே போனேன். பாதிக் குழி தோண்டிவிட்டேன் என்பதே நித்யா குரல் கேட்டபோதுதான் தெரிந்தது.

"இன்னா சித்தி இப்டி நாறுது?"

"கெழங்கு அழுவிப்போச்சு. எல்லாம்."

"எப்டி?"

"தண்ணி நின்னு. காய வுட்டுருக்கணும். நான்தான் தெனம் ஒரு கொடம் ஊத்துனேன்."

 நிமிர்ந்து பார்த்தேன். நித்யா கொல்லை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் ஊத்துனேன் சித்தி. வர்றப்பலாம். நீ கடையிலர்ந்து வர்றதுக்குள்ள ஊத்திட்டு ரூமுக்குப் போய்டுவேன்."

அவளுக்குப் பின்னால் மாமா துண்டோடு நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் நேராகப் பேசியது அன்றுதான்.

"நானும்தாம்மா. டூட்டிக்குப் போறப்ப ரெண்டு பக்கெட்டு."

சத்தம் கேட்டு இவர் வந்தார். குழியைப் பார்த்தார், எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். விஷயம் புரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மத்தியானம் சோறு துன்றப்ப நான் ஓஸ் போட்டு வுட்டுடுவேன். துன்னு முடிக்கிற வரைக்கும் ஓடும்."

 பிறகு இவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "வண்டல்தான் ஏரிலர்ந்து வந்துச்சு. ஏரிய நம்ம கொண்டாந்து வுட்டுட்டோம்" என்றார். நித்யாவும் சிரித்தாள். எனக்கும் வாய் கோணியது. நாலு பேர் சேர்ந்து ஒரு கிழங்கைத் தண்ணீர் ஊற்றியே கொன்றிருக்கிறோம். நீ பார்த்திருந்தால் தெருவுக்கே சொல்லிச் சிரித்திருப்பாய்.

மாமா சிரிக்கவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"தண்ணி கேட்டா" என்றார். "ஆஸ்பத்திரில. எங்கிட்ட கேட்டா. நான் தரல."

நித்யாவின் சிரிப்பு நின்றது. "எங்கிட்டயும் கேட்டாங்க நைனா" என்றாள்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணி எங்கிட்டயும் கேட்டாங்க. சைகைல" என்றார். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினேன்.

அந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அழவில்லை. காலெல்லாம் சேற்றுக்குள் இருந்தது. சேறு சில்லென்று இருந்தது. அவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன், கால் சில்லிட்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து நாலு பேரும் தனித்தனியாக அதே குடத்தைத் தூக்கியிருக்கிறோம். ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் அக்கா. ஏன் ஒருத்தருமே சொல்லவில்லை?

மாமா கடப்பாரையை எடுத்து வந்தார். துவைக்கிற கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பிப் புரட்டினார். நீ வாட்டம் வைத்துத் தள்ளிப் போட்ட கல் அது. யார் ஊற்றிய தண்ணீரும் அதற்கு அடியில் போகவில்லை. மண் கட்டியாய்க் காய்ந்திருந்தது. நித்யா கையாலேயே உதிர்த்தாள். ஒரு கைப்பிடி கிழங்கு. சின்னச் சின்னது, அழுத்தினால் கல் மாதிரி கெட்டி.

"குடு, அவிக்கிறேன்" என்றேன். நான் ஒரு வருஷம் சுமந்தது இதற்குத்தானே.

நித்யா தரவில்லை. "இதையும் அவிச்சுட்டா அடுத்த வருஷத்துக்கு இன்னா இருக்குது?"

"உங்கம்மா எங்கிட்ட கேட்டது இதத்தான்டி."

"அது எப்பவோ வெளாட்டுக்குக் கேட்டது. கடசியா கேட்டது அது இல்லயே சித்தி."

 கிழங்கை மண்ணுக்குள்ளேயே வைத்து மூடச் சொன்னேன். அழுகின சேற்றை மாமாவும் இவரும் அள்ளிக் கொட்டினார்கள். ரெண்டு பேரும் ஒரே கூடையைப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மறுநாள் மயானக் கொள்ளைக்குப் போனோம். பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள், கூட்டத்தில் குரல் கொடுத்தால் கேட்காது. உன் சமாதியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, இலை போட்டுச் சுண்டல், கொழுக்கட்டை வைத்தோம். மரவள்ளியும் வைத்தேன், கோபித்துக்கொள்ளாதே, இலையில் இடம் காலியாக இருந்தது. பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன குடத்தை மாமா இறக்கி வைத்தார். ஆளுக்கொரு சொம்பு.

மாமாதான் முதலில் மொண்டார். குனிந்து, தலைமாட்டில் மெதுவாக ஊற்றினார்.

"குடி கஸ்தூரி. டாக்டரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நித்யா ஊற்றினாள். சொம்பு காலியான பிறகும் கவிழ்த்தபடியே நின்றாள், அவள் கையிலிருந்து நான்தான் வாங்கினேன். இவர், "அண்ணி" என்று மட்டும் சொல்லி ஊற்றினார். என் முறை கடைசி. உட்கார்ந்து ஊற்றினேன். பக்கத்தில் அத்தனை பம்பைச் சத்தத்திலும் எனக்கு மண் குடிக்கிற சத்தம் கேட்டது.

"இந்தாக்கா" என்றேன். "அப்புறம் தரேன்னு சொன்னேன்ல."

குடம் காலியாகும்வரை மாற்றி மாற்றி ஊற்றினோம். நீ எப்போதும் ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிக்கிறவள்தானே. அன்று ராத்திரி நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் வாயிலேயே எனக்கு உப்புக் கரித்தது. "கொழம்புல உப்பு ஜாஸ்திடி" என்று இவர் சொல்வதற்கு முன் நானே சொன்னேன்.

இப்போது பங்குனி பிறந்துவிட்டது. குழி காய்கிறது. நேற்று நடுவில் முதல் வெடிப்பு விட்டிருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை அக்கா, கை அரிக்கிறது. மாமா விடியலில் அதன் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "ஊத்தலம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் எடுக்கப் போகிறார். இவர் ஓஸைச் சுருட்டி எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டார். நித்யா போன் செய்தால் முதல் கேள்வியே, "சித்தி, ஊத்திட்டியா?" என்பதுதான். இல்லடி என்கிறேன். நம்பாமல் போட்டோ அனுப்பச் சொல்கிறாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஐப்பசி மழை வரும்வரை அந்தக் குழியில் எங்கள் கையால் ஒரு சொட்டு விழாது. வெடிக்கட்டும், கருகட்டும், நாங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம். இலை வந்தால் அடுத்த மாசிக்கு உன் ஆர்டர் வந்துசேரும். வராவிட்டால் விதைக்கிழங்கு எடுக்க உன் ஊர் ஏரிக்கு எங்களை அழைத்துப்போவதாக மாமா சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் அந்த மண்ணைத் தின்றிருக்கிறேன், ஊரை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

உனக்குத் தாகம் எடுத்தால் மட்டும் எங்களிடம் நேராகக் கேள். நாலு பேரில் யாரிடம் கேட்டாலும் சரி. குடம் நிறைத்து வைத்திருக்கிறேன். உன் கொட்டி தூங்கட்டும், எழுப்ப மாட்டேன்.

நீ ஒருநாளும் ஓரகத்தி என்று சொல்லாத,
உன் தங்கச்சி பாண்டிக்காரி